மு. கருணாநிதி: 13 தேர்தல்கள், 7 தொகுதிகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும்: "கலைஞர் ஒரு தடவைகூட தோத்ததில்லையாமே, நிஜமா?" ஒருவர் 12 என்பார், இன்னொருவர் 14 என்பார், மூன்றாமவர் 1984-ஐ இழுப்பார். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம். முதல்வராக, வசனகர்த்தாவாக, கட்சித் தலைவராக அவரைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இங்கே அவர் ஒரு எம்.எல்.ஏ., அவ்வளவுதான்: எங்கே நின்றார், யாரை எதிர்த்து நின்றார், எத்தனை ஓட்டில் தப்பினார்.

மொத்தம் எத்தனை முறை நின்றார், எத்தனை முறை வென்றார்?

13 முறை நின்றார், 13 முறையும் வென்றார். முதல் தேர்தல் 1957, கடைசி 2016. அந்தக் காலத்துக்குள் தமிழகம் 14 சட்டமன்றப் பொதுத்தேர்தல்களைப் பார்த்தது. 1984-ல் மட்டும் அவர் வேட்பாளர் இல்லை. ஆகவே "எல்லாத் தேர்தலிலும் வென்றார்" என்று போஸ்டரில் இருந்தால் அது பிழை. "நின்றதிலெல்லாம் வென்றார்" என்பதே கணக்குக்குப் பொருந்தும்.

வருடம், தொகுதி, எதிராளி, வாக்கு வித்தியாசம்: ஒரே இடத்தில் கிடைக்குமா?

1957, குளித்தலை: காங்கிரசின் கே.ஏ. தர்மலிங்கத்தை 8,296 வாக்குகளில்.
1962, தஞ்சாவூர்: காங்கிரசின் ஏ.ஒய்.எஸ். பரிசுத்த நாடாரை 1,928-ல்.
1967, சைதாப்பேட்டை: காங்கிரசின் எஸ்.ஜி. விநாயகமூர்த்தியை 20,482-ல்.
1971, சைதாப்பேட்டை: பழைய காங்கிரசின் குடந்தை ராமலிங்கத்தை 12,511-ல்.
1977, அண்ணா நகர்: அ.தி.மு.க.வின் ஜி. கிருஷ்ணமூர்த்தியை 16,438-ல்.
1980, அண்ணா நகர்: அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டேயை 699-ல்.
1989, துறைமுகம்: முஸ்லிம் லீக்கின் கே.ஏ. வகாபை 31,991-ல்.
1991, துறைமுகம்: காங்கிரசின் கே. சுப்புவை 890-ல்.
1996, சேப்பாக்கம்: காங்கிரசின் நெல்லை கண்ணனை 35,784-ல்.
2001, சேப்பாக்கம்: காங்கிரசின் ஆர். தாமோதரனை 4,834-ல்.
2006, சேப்பாக்கம்: அ.தி.மு.க. அணி ஆதரவுடன் சுயேச்சையாக நின்ற தாவூத் மியாகானை 8,526-ல்.
2011, திருவாரூர்: அ.தி.மு.க.வின் எம். ராஜேந்திரனை 50,249-ல்.
2016, திருவாரூர்: அ.தி.மு.க.வின் ஆர். பன்னீர்செல்வத்தை 68,366-ல்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒரு விஷயம் கண்ணில் படும். அதற்குக் கீழே வருகிறேன்.

திருவாரூர்க்காரர் முதல் தேர்தலில் ஏன் குளித்தலையில் நின்றார்?

தி.மு.க. 1949-ல் தொடங்கிய கட்சி. 1952 தேர்தலில் அது நிற்கவே இல்லை. 1956 திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே வாக்கெடுப்பு நடத்தித்தான் "தேர்தலில் நிற்பது" என்று முடிவெடுத்தார்கள். மறுவருடமே தேர்தல். கருணாநிதிக்கு வயது 32. குளித்தலை இன்று கரூர் மாவட்டம், அன்று திருச்சி மாவட்டம். திருச்சி மாவட்டம் அவருக்குப் பழகிய மண். டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி 1953-ல் தண்டவாளத்தில் படுத்துச் சிறைக்குப் போனது அந்த மாவட்டத்தில்தான்.

அந்தத் தேர்தல் நடந்த விதமே வேறு. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை அன்று கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவரவர் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய், பிடித்தவருடைய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். தி.மு.க.வுக்கு அப்போது அங்கீகாரமும் இல்லை. வேட்பாளர்கள் எல்லாம் கணக்கில் சுயேச்சைகள். கருணாநிதிக்கு 22,785 வாக்கு, தர்மலிங்கத்துக்கு 14,489. கட்சிக்கு மாநிலம் முழுக்க 15 இடம். அதில் அண்ணாவும் ஒருவர்.

சபையில் அவர் முதலில் பேசியது தொகுதி விவகாரத்தைத்தான்: நங்கவரம் பண்ணை விவசாயிகள் பிரச்சினை. கையேரு வாரம், மாட்டேரு வாரம் (வாரம் என்றால் விளைச்சலில் பங்கு) என்று குத்தகைக்காரர்களைப் பிரிப்பது பற்றியும், நிலத்தை உழுபவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது பற்றியும் பேச்சு. கன்னிப்பேச்சில் திராவிட நாடு, மொழி என்று முழங்கியிருப்பார் என்று நினைத்துப் படிப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை. புது எம்.எல்.ஏ. வாரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதுதான் சுவையான தொடக்கம்.

1962-ல் தஞ்சாவூருக்கு ஏன் போனார்?

1957-ல் தி.மு.க. வென்ற தொகுதிகள் மீது காங்கிரசுக்கு, குறிப்பாகக் காமராஜருக்கு, தனிக் கண் இருந்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். முதல் பதினைந்து பேரில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. கருணாநிதியோ குளித்தலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். அங்கே எதிரில் நின்றவர் சாதாரண ஆளில்லை. 1957-ல் அதே தொகுதியில் வென்ற பரிசுத்த நாடார், ஊரில் செல்வாக்குள்ளவர். 32,145-க்கு 30,217. வித்தியாசம் 1,928.

இந்த வெற்றியின் எடை 1967-ல்தான் தெரிந்தது. தி.மு.க. காங்கிரசை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த அந்த வருடத்தில், கருணாநிதி இல்லாத தஞ்சாவூரில் பரிசுத்த நாடார் மறுபடியும் வென்றார். மாநிலமெங்கும் அடித்த அலையால்கூட அவரை அசைக்க முடியவில்லை. ஐந்து வருடம் முன்பு அலையே இல்லாதபோது அவரைத் தோற்கடித்திருந்தார் கருணாநிதி. அவருடைய 13 வெற்றிகளில் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், எல்லாரும் சொல்கிற 1980-ஐச் சொல்லமாட்டேன், 1962-ஐத்தான் சொல்வேன்.

அண்ணா தோற்றதால் சபையில் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், கருணாநிதி துணைத் தலைவர் ஆனார். கட்சியில் பொருளாளர் பதவி ஏற்கெனவே அவரிடம்.

"சைதாப்பேட்டை: 11 லட்சம்" என்ற கதை உண்மையா?

உண்மை. 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் தேர்தல் நிதி திரட்ட வேண்டும் என்று அண்ணா இலக்கு வைத்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. பொருளாளர் கருணாநிதி ஊர் ஊராகச் சுற்றி 11 லட்சம் சேர்த்துவிட்டார். விருகம்பாக்கம் மாநாட்டு மேடையில் வேட்பாளர் பட்டியலை அண்ணா படிக்கிறார்: தொகுதிப் பெயர், வேட்பாளர் பெயர், தொகுதிப் பெயர், வேட்பாளர் பெயர். சைதாப்பேட்டை வந்ததும் ஆளின் பெயருக்குப் பதிலாக "11 லட்சம்" என்று படித்தார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது.

53,401-க்கு 32,919 என்று வென்று, அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வராக இருந்த ஒரு வாரத்துக்குப் பின், பிப்ரவரி 10 அன்று கருணாநிதி முதல்வரானார்.

ஏன் அடிக்கடி தொகுதி மாற்றினார்? பயமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. "சொந்தத் தொகுதி என்று ஒன்று இல்லாதவர்" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மேடைதோறும் சொன்னதும் இதைத்தான். மேலே உள்ள பட்டியலில் ஒரே தொகுதியில் இரண்டாம் முறை நின்ற இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

சைதாப்பேட்டையில் 20,482 அடுத்த தடவை 12,511 ஆனது. அண்ணா நகரில் 16,438 என்பது 699 ஆனது. துறைமுகத்தில் 31,991 என்பது 890. சேப்பாக்கத்தில் 35,784 என்பது 4,834. நான்கு தொகுதி, நான்கிலும் ஒரே கதை: முதல் தடவை அள்ளிக் கொடுத்தார்கள், இரண்டாம் தடவை கையை இறுக்கினார்கள். சேப்பாக்கத்தில் மட்டும் மூன்றாவது முறையும் நின்றார், அப்போது கொஞ்சம் கூடி 8,526. மற்ற மூன்றிலும் இரண்டு தடவையோடு புறப்பட்டுவிட்டார்.

இதை அவருடைய செல்வாக்குச் சரிவு என்று மட்டும் படித்தால் பாதிதான் சரி. 1991-லும் 2001-லும் மாநிலமே தி.மு.க.வுக்கு எதிராகப் போனது. அவர் தொகுதி மட்டும் தனித் தீவாக இருக்க முடியாது. ஆனால் 1971-ஐ அந்தக் கணக்கில் அடக்க முடியாது. 1967-ல் 137 இடம் வாங்கிய கட்சி 1971-ல் 184 இடம் வாங்கியது. கட்சி ஏறியது, சைதாப்பேட்டையில் தலைவரின் வித்தியாசமோ எட்டாயிரம் இறங்கியது. முதல்வராகிவிட்டவர் தொகுதிக்குத் தூரமாகிவிடுவது பழைய வியாதி.

தொகுதி மாறியதைப் பயம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஆனால் அந்தச் சொல் போதாது. எந்த மண் எப்போது காலை வாரும் என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவைத்திருந்தார், தெரிந்த பின் அங்கே வீம்புக்கு நிற்கவில்லை. தோல்வியே காணாதவர் என்ற பெயரில் பாதி மேடைப் பேச்சு சம்பாதித்தது, மீதிப் பாதி இந்தக் கணக்கு சம்பாதித்தது.

1980: 699 வாக்கில் தப்பியது எப்படி?

பின்னணி சுருக்கமாக. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37-ஐ அள்ளின. அந்த வேகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எல்லாரும் தி.மு.க. கூட்டணிதான் என்று நினைத்தார்கள். நான்கே மாதத்தில் மக்கள் மாற்றிப் போட்டார்கள்: அ.தி.மு.க. 129, தி.மு.க. 37, இந்திரா காங்கிரஸ் 31.

அண்ணா நகரில் டாக்டர் ஹண்டே. கருணாநிதிக்கு 51,290, ஹண்டேவுக்கு 50,591. அது வாக்குச்சீட்டுக் காலம். சீட்டுகளைப் பிரித்து, அடுக்கி, கட்டுக் கட்டாக மேசையில் வைத்து எண்ணுவார்கள். ஐம்பது ஐம்பதாகக் கட்டினால் 699 என்பது பதினான்கு கட்டுகூட நிறையாது. ஒரு லட்சத்துச் சொச்சம் சீட்டு குவிந்த இடத்தில் பதினான்கு கட்டு. ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்தவர்களின் அன்றைய இரத்த அழுத்தத்தை நினைத்துப் பார்க்கலாம்.

தோற்ற ஹண்டேவை எம்.ஜி.ஆர். விடவில்லை, சுகாதார அமைச்சராக்கினார். வென்ற கருணாநிதி எதிர்க்கட்சித் தலைவராக எதிரில் உட்கார்ந்தார்.

1984-ல் ஏன் நிற்கவில்லை?

1983-ல் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த படுகொலைகளைத் தொடர்ந்து, மத்திய மாநில அரசுகளின் போக்கைக் கண்டித்து அவரும் அன்பழகனும் அந்த ஆகஸ்டில் எம்.எல்.ஏ. பதவியை விட்டு விலகினார்கள். பிறகு சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1984 டிசம்பர் தேர்தல் வந்தபோது அவர் மேலவையில் இருந்தார்.

அந்தத் தேர்தல் சூழலையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் வென்றார். அப்படி ஒரு அனுதாப அலைக்கு எதிரே கருணாநிதி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முந்தைய தடவை 699 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலவையும் நிலைக்கவில்லை. 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் சட்ட மேலவை இல்லை. அதோடு அவர் பதவியும் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர 2010-ல் அவருடைய அரசு தீர்மானம் நிறைவேற்றியது, இன்றுவரை வரவில்லை.

1991-ல் வென்றும் ஏன் ராஜினாமா செய்தார்?

அது தி.மு.க. மறக்க விரும்பும் தேர்தல். ஜனவரி 30 அன்று சந்திரசேகர் அரசு தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை தர மறுத்தார், ஆனாலும் கலைத்தார்கள். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. தள்ளிப்போன வாக்குப்பதிவு ஜூன் 15 அன்று நடந்தது. அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60. தி.மு.க. துடைத்தெறியப்பட்டது.

துறைமுகத்தில் 30,932-க்கு 30,042. இரண்டு வருடம் முன்பு இதே தொகுதியில் இரண்டாவது வந்தவருக்குக் கிடைத்ததே 9,641 வாக்குதான், எதிர்த்தரப்பு பல துண்டாகச் சிதறிக் கிடந்தது. 1991-ல் அ.தி.மு.க.வும் காங்கிரசும் ஒன்றாக வந்தவுடன் மிஞ்சியது 890. கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தையும் விட்டார்.

"60 ஆண்டு எம்.எல்.ஏ." என்பது தொடர்ச்சியாகவா?

இல்லை. 1957-ல் முதன்முதலாகச் சபைக்குள் நுழைந்ததிலிருந்து 2017-ல் 60 ஆண்டு ஆனது. அந்த ஜூன் 3 அன்று, அவருடைய 94-வது பிறந்தநாளோடு சேர்த்துச் சென்னையில் வைரவிழா நடந்தது. ராகுல் காந்தி, நிதிஷ் குமார் எல்லாம் வந்தார்கள். நடுவே விட்டுப்போன காலங்கள் இவை: 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு சபையே இல்லாமலிருந்த நாட்கள், 1983 முதல் 1989 வரை, அதில் கொஞ்ச காலம் மேலவை, 1991 ராஜினாமாவிலிருந்து 1996 வரை. கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் குறையும். இருந்தாலும் எஞ்சுவது சாதாரணமில்லை.

எத்தனை தடவை முதல்வர்? எத்தனை தடவை முழு ஆட்சி?

ஐந்து தடவை: 1969, 1971, 1989, 1996, 2006. நாட்களைக் கூட்டினால் ஏறக்குறைய 19 வருடம். ஆனால் ஐந்து வருடத்தை முழுசாக முடித்தது 1996–2001, 2006–2011 என்ற இரண்டு மட்டும். 1971-ல் சபையை ஒரு வருடம் முன்னதாகவே கலைத்துத் தேர்தலுக்குப் போனது அவருடைய சொந்த முடிவு. 1976-லும் 1991-லும் கலைத்தது டெல்லி.

2006 ஆட்சி தனிப்பெரும்பான்மை இல்லாதது. தி.மு.க.வுக்கு 96 இடம். காங்கிரஸ் 34, பா.ம.க. 18, இடதுசாரிகள் வெளியிலிருந்து கைகொடுக்க ஓடியது. "மைனாரிட்டி அரசு" என்று ஜெயலலிதா ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். இவரும் ஐந்து வருடமும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவராக எப்போது இருந்தார்?

1977 முதல் 1983 வரை, இடையே 1980-ல் சபை கலைந்திருந்த மாதங்கள் நீங்கலாக. பின்னாளில் தோற்ற சமயங்களில் அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. 2001-ல் அன்பழகன், 2016-ல் ஸ்டாலின். 2011-ல் தி.மு.க. 23 இடத்தோடு மூன்றாவதாகப் போனதால் 29 இடம் வாங்கிய தே.மு.தி.க.வின் விஜயகாந்துக்குப் போனது அந்தப் பதவி.

சபையில் அவர் பெயர் சொல்லும் தீர்மானம், சட்டம் எவை?

நிறைய உண்டு, இரண்டு சொல்கிறேன். ஒன்று, 1974 ஏப்ரலில் கொண்டுவந்த மாநில சுயாட்சித் தீர்மானம். 1969-ல் அமைத்த ராஜமன்னார் குழு 1971-ல் தந்த அறிக்கையின் அடிப்படையில் வந்தது அது. மத்திய மாநில உறவு பற்றி எந்த மாநிலத்தில் யார் பேசினாலும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

இரண்டாவது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தம்: மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. மத்திய அரசு நாடு முழுக்க அதைச் செய்தது 2005-ல். தமிழ்நாட்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததாகச் சட்டத்தில் எழுதியிருக்கும் தேதி 1989 மார்ச் 25. அந்தத் தேதி வேறு காரணத்துக்காகவும் ஞாபகம் இருக்கும். நிதித்துறையையும் வைத்திருந்த கருணாநிதி பட்ஜெட் படிக்க எழுந்த அன்றுதான் சபையில் கைகலப்பு வெடித்தது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா கலைந்த சேலையோடு வெளியே வந்தார். பெண்ணுக்குச் சமபங்கு என்ற சட்டத்தின் தேதியும் அதே நாள். தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

சேப்பாக்கம் ஏன் அவருக்கு வசதியாக இருந்தது?

சின்னத் தொகுதி. 2006-ல் முதலிரண்டு பேரும் சேர்ந்து வாங்கியதே 60 ஆயிரத்துக்குள்தான். முதல்வராகவும் கட்சித் தலைவராகவும் மாநிலம் சுற்ற வேண்டியவருக்கு, கோட்டைக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் அடக்கமான தொகுதி. 1996-ல் அங்கே எதிராளியாக வந்தவர் நெல்லை கண்ணன். தமிழை வைத்து விளையாடும் இரண்டு மேடைக்காரர்கள் ஒரே தொகுதியில். 46,097-க்கு 10,313 என்ற முடிவைவிட, பிரசாரம்தான் கேட்க நன்றாக இருந்திருக்கும். 2006-ல் எதிரில் நின்ற தாவூத் மியாகான், காயிதே மில்லத்தின் பேரன். பிறகு நடந்த தொகுதி மறுவரையறையில் அது சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி ஆனது. 2021-ல் பேரன் உதயநிதி அங்கிருந்துதான் சபைக்கு வந்தார்.

சொந்த ஊர்த் தொகுதிக்கு வர 2011 வரை ஏன்?

பிறந்தது திருக்குவளை, அது இன்று நாகப்பட்டினம் மாவட்டம். படித்தது, கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது, கொடி பிடித்தது எல்லாம் திருவாரூரில். ஆனால் 1977 முதல் 2006 வரை திருவாரூர் தனித்தொகுதி. அவர் நினைத்தாலும் நிற்க முடியாது. மறுவரையறைக்குப் பிறகுதான் பொதுத்தொகுதி ஆனது, அடுத்த தேர்தலிலேயே வந்துவிட்டார்.

மேலே சொன்ன "இரண்டாம் தடவை குறையும்" என்ற விதி உடைந்தது இங்கே மட்டும். 50,249 அடுத்த முறை 68,366 ஆனது. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமான வித்தியாசம் அது. வயது 92-ஐ எட்ட சில வாரங்களே பாக்கி. அதுவும் இரண்டு தடவையும் கட்சி ஆட்சிக்கு வராத தேர்தல். ஐம்பது வருடமாக அலையோடு ஏறி இறங்கிய ஆள், கடைசியில் அலையைப் பொருட்படுத்தாத ஒரு தொகுதியைக் கண்டுபிடித்திருந்தார்.

அந்தக் கடைசிக் காலத்தில் சபைக்கு வந்தாரா?

மிகக் குறைவு. சக்கர நாற்காலி வந்துபோகத் தோதான இடத்தில் இருக்கை வேண்டும் என்று தி.மு.க. கேட்டு, அதுவே ஒரு சர்ச்சையாக நீண்டது. 2016-ல் உறுதிமொழியைக்கூட சபாநாயகர் அறையில்தான் எடுத்துக்கொண்டார்.

தோற்காதவர் அவர் மட்டும்தானா?

இல்லை. எம்.ஜி.ஆரும் தோற்றதில்லை: 1967, 1971 பரங்கிமலை, 1977 அருப்புக்கோட்டை, 1980 மதுரை மேற்கு, 1984 ஆண்டிப்பட்டி. ஐந்துக்கு ஐந்து. கேரளத்தில் கே.எம். மாணி பாலா என்ற ஒரே தொகுதியை விடாமல் பிடித்திருந்தவர். ஒரே ஊரை ஆயுசு முழுக்கத் தக்கவைப்பது ஒரு திறமை, ஏழு ஊரில் வெல்வது வேறு திறமை. தமிழகத்தில் மற்ற பெரிய பெயர்கள் அடிவாங்கியிருக்கின்றன: அண்ணா 1962-ல் காஞ்சிபுரத்தில், காமராஜர் 1967-ல் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம், ஜெயலலிதா 1996-ல் பர்கூரில்.

நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டதுண்டா?

கிடையாது. டெல்லியில் ஆட்சி அமைக்கவும் கவிழ்க்கவும் கை வைத்தவர், தான் மட்டும் கோட்டையோடு நின்றுகொண்டார்.

அவர் மறைவுக்குப் பின் திருவாரூர் என்ன ஆனது?

2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தபோது அவர் திருவாரூர் எம்.எல்.ஏ. இடைத்தேர்தல் 2019 ஜனவரி 28 என்று அறிவித்தார்கள். கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, நிவாரண வேலை முடியவில்லை என்று அந்த அறிவிப்பு ரத்தானது. பிறகு ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் வென்றார், 2021-லும் அவரே வென்றார்.